மாறுதல் கதவு

கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் புதுப் பொறுப்பு விழும். அரசாங்க அலுவலகங்களில் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் ஒருநாளும் தவறாத விதி அது. செம்மேட்டுப்புதூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்த முறை அந்த விதிக்கு ஆளானவள் மைதிலி. மகளுக்குக் காதுகுத்து என்று ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். மறுநாள் கிடாவிருந்து ஏப்பம் அடங்காமல் வந்து பார்த்தால், அவள் மேசைமேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"என்னுங்க்கா இது?"

"உங்களுக்குத்தான் அம்மிணி." அலுவலக உதவியாளர் சௌந்திரம் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "மேலருந்து சுற்றறிக்கை வந்துச்சுங்க. ஆபீசுக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் வேணுமாமா. சார் எல்லாரு மூஞ்சியையும் பார்த்தாரு. எல்லாரும் தரையைப் பார்த்தோம். கடைசியா உங்க நாற்காலியைப் பார்த்தாரு. அது ஒண்ணுதான் தலையைக் குனியல."

மைதிலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனி அழுது என்ன பயன்? ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டாள். எடுத்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் ரங்கோலிப் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டு, மழை பெய்த பிறகும் குடை பிடித்துக்கொண்டு கோலம் போட்டவள்.

ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து பார்த்தபோதுதான், தினமும் பார்த்த அலுவலகம் வேறு மாதிரித் தெரிந்தது. சுவரில் ஒரே ஒரு ப்ளக். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று கொள்ளுப்பேரன் வரைக்கும் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. ஃபேன் ரெகுலேட்டரைத் தொட்டால் சுளீர் என்று இழுக்கும். அதனால் எல்லாரும் மர ஸ்கேலால்தான் திருப்புவார்கள். அதற்கென்றே ஒரு ஸ்கேல் ஆணியில் தொங்கியது. கைரேகை வைக்கும் மேசையின் ஒரு காலுக்குப் பதில் செங்கல். பழைய ஆவண அலமாரி, கல்யாண வீட்டில் தூங்கி விழும் தாத்தா மாதிரி ஜனங்கள் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

மைதிலி எலக்ட்ரீஷியனை விடாமல் துரத்தினாள். தச்சரைத் துரத்தினாள். அலமாரியைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை அடிக்க வைத்தாள். ஸ்கேலுக்கு ஓய்வு கொடுத்தாள். முதல் தடவை வெறும் கையால் ஃபேன் போட்ட அன்று சௌந்திரம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துகூடப் போனாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, சுற்றறிக்கையின் கடைசிப் பத்திக்கு வரும் வரையில். 'ஜனங்கள் கூடும் கூடத்துக்கு இரண்டு வழி திறந்திருக்க வேண்டும். தீயணைப்புத் துறையை அழைத்து, எல்லாரையும் வெளியேற்றும் ஒத்திகை நடத்த வேண்டும்.'

நியாயமான உத்தரவுதான். முகூர்த்த நாளில் அந்தக் கூடத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள். நிலத்தை விற்பவர், வாங்குபவர், சாட்சிகள், இரண்டு தரப்புச் சம்பந்திகள், 'சும்மா கூட வந்தேன்' என்கிற மாமா என்று ஒரு ஏக்கர் காட்டுக்கு ஒரு ஊரே வந்து நிற்கும். நல்ல நேரம் முடிவதற்குள் கையெழுத்துப் போட முண்டியடிக்கும் அத்தனை பேருக்கும் போக வர ஒரே வாசல். போன தை மாதம் ஒரு நாள் மைதிலிக்கே மூச்சு முட்டி, கண் இருட்டி, யாரோ ஒருவர் தோளில் சாய்ந்திருக்கிறாள். அவரோ, தன்னிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வந்தவள் என்று நினைத்துப் பேனாவை எடுத்திருக்கிறார்.

ஆனால் இரண்டாவது வாசலுக்குக் சுவரை இடிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்தது. கூடத்தின் தென்மேற்கு மூலையில், ஒரு பச்சை பீரோவுக்குப் பின்னால்.

"அதை மட்டும் விட்டுருங்க மேடம்," என்றார் சார்பதிவாளர் மோகன்குமார். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். நாமக்கல்லில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அது ஜன்னல் மட்டத்தில் நின்றது. "வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க. கூரையில கூட ஒரு வழி போடுங்க. ஏணி வெச்சு இறங்கிக்கலாம்."

"ஏனுங்க சார்?"

மோகன்குமார் சௌந்திரத்தைப் பார்த்தார். சில செய்திகளை அதிகாரி வாயால் சொல்லக்கூடாது.

"அது மாறுதல் கதவுங்க அம்மிணி," என்றாள் சௌந்திரம், குரலைத் தாழ்த்தி. "கன்னி மூலையில கதவு வெச்சா விளங்குமா? முன்னால ஒரு சாரு வெத்தலை துப்ப அந்த வழியாப் போனாரு. அந்த மாசமே கூடலூருக்குத் தூக்கிட்டாங்க. ஒரு கிளார்க்கு போன் பேசப் போச்சு. ராமேசுவரம். அதுக்கப்பறம் வந்த சாரு, 'இதெல்லாம் மூடநம்பிக்கை'ன்னு எங்க எல்லாத்தையும் நிறுத்தி வெச்சு லெக்சர் அடிச்சுக்கிட்டே ஒரு காலை வெளிய வெச்சாருங்க. ஒரு கால் வெளிய, ஒரு கால் உள்ள. அப்பவே மேசையில போன் அடிக்குது!"

"யாரு போன்ல?"

"வேற யாரு? அன்னைக்கே பொட்டி கட்டிட்டாருங்க. அப்பறந்தான் பீரோவைப் போட்டு மறைச்சோம்."

இந்தக் கதை சுவர் தாண்டி ஜனங்களுக்கும் போய், அங்கே வேறு உருவம் எடுத்திருந்தது. அந்தக் கதவைத் தாண்டினால், வாங்கின காடு வருஷம் திரும்புவதற்குள் கை மாறிப் போய்விடுமாம்.

மைதிலி வாய்விட்டுச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டாள்.

காரணம் இருந்தது. அவளுடைய முதல் வேலை ராமநாதபுரம் பக்கம். கைக்குழந்தை நித்யஸ்ரீயை நாமக்கல்லில் கணவன் மணிமாறனிடமும் மாமியாரிடமும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். மணிமாறனுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. அதை விட்டுவிட்டு அவனால் வர முடியாது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் குழந்தை அம்மாவைப் பார்க்கும். கெஞ்சிக் கூத்தாடி மாறுதல் வாங்கி, பையும் கையுமாக மைதிலி வீட்டுக்குள் நுழைந்த அன்று, நித்யஸ்ரீ அவளை உற்றுப் பார்த்தது. பிறகு குடுகுடுவென்று ஓடிப் போய் போனை எடுத்து வந்து, "அம்மாவுக்குக் காட்டறேன் இரு" என்று அதற்குள் அம்மாவைத் தேடியது.

இப்போதுதான் அது போனைத் தேடுவதை நிறுத்தி, அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்திருக்கிறது. மறுபடியும் ஒரு மாறுதல் வந்தால்? மைதிலி மூடநம்பிக்கைக்காரி இல்லைதான். ஆனாலும் எதற்கு வம்பு?

தீயணைப்பு நிலைய அலுவலர் அங்கமுத்து வந்து பார்த்துவிட்டுப் போனார். மலை மாதிரி ஆள், அதற்கு ஏற்ற மீசை, ஆனால் குரல் மட்டும் தாலாட்டு.

"கூட்டமில்லாத ஒரு நாளாப் பார்த்து ஒத்திகை வெச்சுக்கலாங்களா?" என்று கேட்டார் மோகன்குமார்.

"தீ கூட்டமில்லாத நாளாப் பார்த்துத்தான் வருமுங்களா சார்?" என்றார் அங்கமுத்து மெதுவாக. "அடுத்த முகூர்த்தத்துலயே வெச்சுக்குவோம். அந்தக் கதவு மட்டும் தொறந்திருக்கோணுங்க. இல்லீன்னா இந்தக் கட்டடம் லாயக்கில்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். அப்பறம் ஆபீசை எந்த ஊருக்குத் தூக்கிட்டுப் போவாங்களோ, நமக்குத் தெரியாது."

பீரோவை நகர்த்த வேண்டும். யார் கேட்டாலும் யாருக்காவது இடுப்புப் பிடித்திருந்தது. சிலருக்கு இரண்டு பக்கமும். மைதிலி ஒரு ஓரத்தில் தனியாகக் கை வைத்துப் பார்த்தாள். பீரோ அசையவில்லை. உண்மையைச் சொன்னால், அவளும் அசைக்கிற மாதிரித் தள்ளவில்லை.

"பாதுகாப்பு அலுவலரே பயந்துக்கிட்டா எப்பிடிங்க அம்மிணி?" என்று சௌந்திரம் சீண்டினாள்.

"நான் எதுக்குங்க்கா பயப்படறேன்? இந்தக் கதவைத் தாண்டுனா மாறுதல் வருமுன்னு நான் நம்பறதே இல்ல."

"என்னது?" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

குரலுக்குச் சொந்தக்காரன் இளநிலை உதவியாளர் தமிழரசு. தென்காசிக்காரன். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் நிச்சயம் ஆகியிருந்தது. 'மாறுதல் உத்தரவோடு வந்தால்தான் தாலி' என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அவன் எழுதிய விண்ணப்பங்களை அடுக்கினால் அதற்கே ஒரு பீரோ வேண்டும். கதவைப் பற்றி வாய்விட்டுப் பேசினாலே ஆகாது என்று, அவனிடம் யாரும் அதுவரை அந்தக் கதையைச் சொல்லியிருக்கவில்லை.

"எக்கா, நெசமாவா சொல்லுதிய? இதைத் தாண்டுனா மாறுதலா?"

"அதெல்லாம் சும்மா தம்பி, ஊர்ல அப்படி..."

மைதிலி வாக்கியத்தை முடிக்கவில்லை. எலும்பும் தோலுமான அந்தப் பையன், நாலு பேர் தூக்கி வந்து வைத்த பீரோவை ஒற்றை ஆளாகக் கிரீச்சென்று தள்ளிவிட்டிருந்தான். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. காதல் அதைப் பொருட்படுத்தவில்லை. கதவு திறந்தது. வெளியே ஒரு புங்க மரம், அதன் அடியில் நல்ல நிழல். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் காற்று வந்தது. மேசைகளில் இருந்த காகிதங்கள் எழுந்து நின்று அதை வரவேற்றன.

தமிழரசு வெளியே போனான். உள்ளே வந்தான். மறுபடி வெளியே போனான். மறுபடி உள்ளே வந்தான்.

"ஏந்தம்பி, ஒருக்கா போனாப் பத்தாதா?" என்றாள் சௌந்திரம், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு.

"ஒரு தடவைன்னா பக்கத்து ஜில்லாவுக்குத்தாம்க்கா போடுவாவ. தென்காசி தூரம்லா!"

வியர்த்து விறுவிறுக்கும் வரை அவன் நிறுத்தவில்லை. நெல்லைச் சீமைக்கு ஒரு ஜில்லா தள்ளி இறங்கிவிடக் கூடாது என்று கடைசியாக இரண்டு தடவை கொசுறு வேறு போட்டான்.

சேதி வாட்ஸப் குழுக்களில் ஏறியது. மறுநாளே மதிய இடைவேளையில் ஒரு வாத்தியார் வந்தார். "எங்க வீட்டு டீச்சரம்மா ஜலகண்டாபுரத்துல, நான் இங்க. குடும்பம் சேரோணுங்க" என்று கேட்டு, கதவைத் தாண்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒருவர். அதற்கடுத்து கிராம நிர்வாக அலுவலர்கள் கூட்டமாக ஒரே வேனில். யாரோ நிலைக்குக் குங்குமம் வைத்தார்கள். எலுமிச்சம்பழம் தொங்கியது. ஒரு நாள் மைதிலி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அவசர வழியின் வாசற்படியில் கற்பூரம் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"தீக்குப் பயந்து தொறந்த கதவுல தீ வெக்கிறீங்களே, நியாயமுங்களா!" என்று அவள் வாளித் தண்ணீரோடு ஓடினாள். 'அவசர வழி. கற்பூரம் ஏற்றக் கூடாது' என்று பலகை எழுதி மாட்டினாள். மறுநாள் பலகைக்கும் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

ஒத்திகைக்கு முந்தின வாரம் தமிழரசுக்கு உத்தரவு வந்தது. தென்காசி.

அவன் சார்பதிவாளரை விட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எல்லாருக்கும் அல்வா கொடுத்தான். "எக்கா, நீங்க தெய்வம். கல்யாணத்துக்கு வந்துரணும். வேணும்னா நீங்களும் ஒரு தடவை போயிட்டு வாங்களேன்" என்றான் அன்பாக. மைதிலி மீதி அல்வாவைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

அவன் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருந்தது, முறைப்படி வந்த உத்தரவுதான், என்று தனக்குத்தானே விளக்கினாள். புத்தி ஒத்துக்கொண்டது. கால் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அந்த மூலைப் பக்கம் போகவேண்டி வந்தால், நிலைப்படியின் நிழலைக்கூட மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

முகூர்த்த நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. காலையிலேயே மைதிலி ஹெல்மெட்டோடு நின்று, "இன்னைக்கு ஒத்திகை நடக்குமுங்க. விசில் அடிச்சா முன்வாசல் பக்கம் போகாதீங்க, பின்கதவு வழியா வெளிய போங்க" என்று தொண்டை கிழியச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு நினைத்ததைச் செய்வது நம் ஜனங்களுக்குக் கைவந்த கலை.

அங்கமுத்து முன்வாசலில் ஒரு தகர டிரம்மில் ஈரத் தேங்காய் மட்டையைப் போட்டுப் புகை கிளப்பினார். நிஜம் மாதிரி இருக்க வேண்டுமாம். விசில் ஊதினார். அந்த நேரம் பார்த்துக் காற்று திசை மாறி, டிரம்மில் கிளம்பிய புகை அத்தனையும் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது.

அவ்வளவுதான். ஜனங்கள் வழக்கப்படி முன்வாசலுக்குப் பாய்ந்தார்கள். புகை முகத்தில் அடித்ததும் திரும்பினார்கள். பின்னால் வந்தவர்கள் இன்னும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் கரும்பு ஆலையில் மாட்டிய மாதிரி ஆனார்கள். தென்மேற்கு மூலையில் கதவு அகலத் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஈ இல்லை.

"இப்பிடி வாங்க! இந்தப் பக்கம் வாங்க!" என்று மைதிலி கத்தினாள்.

"அதுல போனா காடு கை மாறிப் போயிருமுங்க!" என்று ஒருவர் இருமலுக்கு நடுவே பதில் கத்தினார்.

"இப்பத்தான் கையெழுத்தே போட்டேன் தாயி!"

புங்க மரத்தடியிலிருந்து அங்கமுத்து கூப்பிட்டார். "மேடம்! யாராச்சும் ஒருத்தர் மொதல்ல வந்தாப் போதுமுங்க, மத்தவங்க தானா வருவாங்க! நீங்க வாங்க!"

மைதிலி நிலைப்படிக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு அடி. அந்தப் பக்கம் நிழல், காற்று. ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது ராமநாதபுரம் பஸ். ஜன்னலோர சீட்டு. கையில் போன். போனுக்குள் குழந்தை.

பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது. தூணோடு நசுங்கிக்கொண்டு ஒரு வயதான அம்மாள், நல்லம்மாள், பெஞ்சில் டோக்கனோடு காலையிலிருந்து காத்திருந்தவர், முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். கண் செருகிக்கொண்டு வந்தது. இது ஒத்திகை இல்லை என்று மைதிலிக்கு அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கம்மா!"

"அந்தக் கதவா சாமி?"

"காடு கை மாறாதுங்க, நான் பொறுப்பு!"

"அட, மாறட்டும் சாமி!" என்றார் நல்லம்மாள், இருமிக்கொண்டே. "நான் விக்கத்தான வந்தேன்!"

மைதிலி அவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டினாள். புங்க மரத்துக் காற்று முகத்தில் அடித்தது. அந்த நொடியில்தான் நல்லம்மாள் சொன்னது அவள் மண்டைக்குள் பளிச்சென்று எரிந்தது. திரும்பி நின்று, கூடத்தைப் பார்த்துக் கூவினாள்.

"விக்கிறவங்கெல்லாம் இந்தப் பக்கம் வாங்க! விக்கிறவங்க மட்டும்!"

கூட்டத்தில் பாதிப் பேர் நிமிர்ந்தார்கள். அட, ஆமாம்! கை மாறத்தானே வந்தோம்! விற்பவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கதவை நோக்கி ஓடினார்கள். ஒருவர், இருவர், திமுதிமுவென்று ஒரு கூட்டம்.

வாங்க வந்தவர்கள் ஒரு கணம் அதைப் பார்த்தார்கள். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, இன்னும் கையெழுத்தாகவில்லை, விற்பவன் பின்கதவு வழியாக ஓடுகிறான்.

"டேய், ஓடறாண்டா! புடிங்கடா!"

அடுத்த கணம் கன்னி மூலையாவது, கத்தரிக்காயாவது! வாங்குபவர்கள் விற்பவர்களைத் துரத்திக்கொண்டு, சாட்சிகள் இருவரையும் துரத்திக்கொண்டு, பத்திர எழுத்தர்கள் கட்டோடு சாட்சிகளைத் துரத்திக்கொண்டு, 'சும்மா வந்த' மாமாக்கள் வேடிக்கை தப்பிவிடாமல் எல்லாருக்கும் பின்னால், அத்தனை பேரும் அந்தக் கதவு வழியாகப் பிதுங்கி வெளியே கொட்டினார்கள். அந்த வேகத்தில் அலுவலகச் சிப்பந்திகளும் தாண்டியது அவர்களுக்கே தெரியாது. சௌந்திரம் குடத்தோடு வந்து சேர்ந்தாள். மரத்தடியில் ஒருவர் தனக்குக் காடு விற்க வந்தவரின் சட்டைக் காலரை இறுகப் பிடித்திருந்தார். அவரோ, "எங்கயும் போகலீங்க மச்சான், மூச்சு வாங்கத்தான் வந்தேன், உடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நல்லம்மாள் வேர்மேல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகம் தெளிந்து சிரித்தார்.

அங்கமுத்து மீசையைத் தடவினார். "எத்தனையோ கட்டடத்துல ஒத்திகை நடத்தியிருக்கறேன் மேடம். இத்தனை வெரசா காலியான கூடத்தை நான் பார்த்ததில்லைங்க."

"எல்லாரும் வந்தாச்சுங்களா?" என்று மைதிலி தலைகளைப் பார்த்தாள். "ஐயோ, சார்!"

மோகன்குமார் உள்ளேயே இருந்தார். ஜன்னல் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாற்காலிமேல் நின்று, மூக்கில் ஈரக் கைக்குட்டையோடு, "நான் கடைசியா வர்றேன்! பொறுப்பான அதிகாரி கடைசியாத்தான் வரோணும்!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். டிரம்மை அணைத்துவிட்டு அங்கமுத்து அவரைக் குழந்தை மாதிரித் தோளில் போட்டு, அவர் கெஞ்சலுக்கு இணங்க, முன்வாசல் வழியாகவே தூக்கி வந்தார்.

அதற்கப்புறம் மைதிலிக்கு ஒவ்வொரு தபாலும் கண்டமாக இருந்தது. மின்னஞ்சல் மணி அடித்தால் சௌந்திரத்தைப் பார்க்கச் சொன்னாள். மணிமாறன் கேலி செய்தான். "ஒருக்காத்தான தாண்டுன? பக்கத்து ஜில்லாதான். கரூர் போடுவாங்க. பஸ் இருக்குது, பயப்படாத." அவள் தலையணையைத் தூக்கி அடித்தாள். நித்யஸ்ரீயும் தன் பங்குக்கு ஒரு தலையணை எடுத்து, யாரை அடிப்பது என்று தெரியாமல் இருவரையும் அடித்தது. அந்தக் கூத்தில் சிரித்துக்கொண்டே இருந்த மைதிலிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஒரு மத்தியானம் சௌந்திரம் பிரிண்டரிலிருந்து ஒரு தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆர்டர் வந்துருச்சுங்க அம்மிணி."

மைதிலி தாளை வாங்கவில்லை. "நீங்களே படிங்க்கா. ஊரை மட்டும் சொல்லுங்க."

"கோத்தகிரி."

"கோத்தகிரியா! குளிருமேக்கா, பாப்பாவை எப்பிடி..."

"உங்களுக்கு எதுக்குங்க குளிருது? ஆர்டரு சாருக்கு!"

மோகன்குமார் தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "நான் தாண்டவே இல்லையே!" என்றார் பரிதாபமாக. "நான் ஒருத்தன் மட்டுந்தான் தாண்டாதவன்!"

"அதானுங்க சார் தப்பு," என்றாள் சௌந்திரம்.

அவள் அதைச் சொல்லி முடிக்கவும், அத்தனை பேர் முகத்திலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் அடித்தது. தாண்டின யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாண்டாத ஒருவருக்கு வந்துவிட்டது. அப்படியானால் இத்தனை வருஷமாகக் கதவைத் தப்பாகப் புரிந்துகொண்டு பீரோவைப் போட்டு மறைத்திருக்கிறோம்! தமிழரசைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. நாற்காலிகள் கிரீச்சிட்டன. கைரேகை மேசைக்காரர் முதலில் ஓடினார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள், வந்தார்கள், போனார்கள். இடுப்புப் பிடித்தவர்கள் கூடக் குதித்துக்கொண்டு போனார்கள்.

மைதிலி சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை. சும்மா காற்று வாங்குகிற மாதிரி அவளும் ஒரு தடவை வெளியே போய் வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும்.

திரும்பி வந்தபோது மோகன்குமார் நிலைப்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"மேடம், இப்பத் தாண்டுனா ஆர்டர் கேன்சல் ஆகுமுங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க சார். தீப்பிடிச்சா உசுரு தப்பும். அதை வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

அவர் ஆர்டரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். பேன்ட் நுனியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்தார்.

"சார், சீக்கிரம் போங்க சார்," என்றது பின்னால் நின்ற வரிசை. "நாங்க இன்னொருக்கா போகோணும்!"